நேயர் விரும்பிய காலங்கள்

ஆடிக் காற்று கோமதிநாயகம் அண்ணாச்சியின் கேபிள் ஆபீஸ் மொட்டைமாடியில் நின்ற பெரிய டிஷ்ஷைத் தெற்குப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போன மறுநாள், மூட்டுவலியில் மாடி ஏற முடியாத அண்ணாச்சி அதை அப்படியே விட்டுவிட்ட அதே சாயங்காலம், ஆறரை மணி நேயர் விருப்பம் நிகழ்ச்சிக்குப் போன் போட்ட டெய்லர் பிச்சுமணி, வழக்கமாகக் கேட்கிற பாட்டைக் கேட்காமல், "பாட்டு கெடக்கட்டும் தாயி, இன்னிக்கு ராசா காலம் போடுங்க" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நானூறு நாளாக மேலக்கரிசல் ஊரே ஒரு டப்பிங் தொடரைப் பார்த்துப் பழகியிருந்தது. அதில் ஒருவன் மரப்பலகை ஊஞ்சலில் ஏறி ஆடுவான், ஆட்டம் உச்சிக்குப் போகும்போது குதிப்பான், குதித்து விழுந்த இடம் ஒரு நாள் யானைப்படை புறப்படுகிற காலமாக இருக்கும், ஒரு நாள் நிலாவில் பள்ளிக்கூடம் நடக்கிற காலமாக இருக்கும். அந்தத் தொடர் போன வாரத்தோடு முடிந்துபோய், பழக்கம் மட்டும் ஊரில் மிச்சமிருந்தது.

போனை எடுத்தது உரக்கடை சங்கரலிங்கத்தின் மகள் வெயிலாட்சி. பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படித்தாள், காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, கேபிள் ஆபீஸின் முன்னறையில் நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து நேயர்களிடம் பேசுவாள். எவர் எதைக் கேட்டாலும் சொல்வதைத்தான் அன்றும் சொன்னாள்: "கண்டிப்பா, உங்கள் விருப்பம் இதோ உங்களுக்காக." உள்ளறையில் அண்ணாச்சி எந்தப் பாட்டைப் போடுவது என்று விழித்தபடி பொத்தானை அழுத்த, ராசா காலம் வந்தது.

ஊரில் ஒருவரும் திடுக்கிடவில்லை. பிச்சுமணிகூட, "படம் லேசா ஆடுது, அண்ணாச்சிய பாக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, இந்தக் காலத்தைத் தன் மச்சானுக்கும் மதினிக்கும் செங்கோட்டையிலிருக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்கும் சமர்ப்பித்துப் போனை வைத்தார்.

அன்றிலிருந்து ஒரு வருஷம், ஞாயிறு நீங்கலாக, மேலக்கரிசலில் ஆறரைக்குக் காலங்கள் ஓடின. டீக்கடைகள் ஆறேகாலுக்கே கிளாஸ் கழுவின. கிரைண்டர்கள் ஆறரைக்கு நின்றன. கோயில் தீபாராதனை கால்மணி நேரம் முன்னால் நகர்ந்தது, சாமி ஒன்றும் சொல்லவில்லை. ஊஞ்சல்காரனைப் போல எங்கே வேண்டுமானாலும் போய்க் குதிக்க இந்தச் சேனலுக்கு வகையில்லை என்பதும் முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. எந்தக் காலத்தைக் கேட்டாலும் வரும், ஆனால் நம் பஸ் ஸ்டாண்டு இருக்கிற இடத்தைத்தான் காட்டும், அங்கிருந்து ஓர் அடி அசையாது. முன்னறையிலிருந்த வெயிலாட்சிக்கோ அந்தப் படமும் தெரியாது. டிவிப்பெட்டி உள்ளறையில் இருந்ததால், போனில் நேயர் என்ன சொல்கிறாரோ அதுதான் அவள் கண்ட காட்சி. அதையெல்லாம் தேதிபோட்டு ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதி வைத்தாள். யார் கேட்டார், எந்தக் காலம், என்ன வந்தது. எதற்கென்று கேட்டவர்களிடம், "எழுதி வைக்காமத்தான் நம்ம பாதி வரலாறு போச்சு" என்று சண்டைக்குப் போவாள்.

அவளுக்கென்று கேட்டால் வேண்டியிருந்தது ஒரே ஒரு காலம்தான். ஹைதராபாத்தில் முனைவர் ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். இடம் கிடைத்தால் அடுத்த செப்டம்பரில் போய்ச் சேர வேண்டும், அப்பா விட வேண்டும். ஆனால் நிகழ்ச்சி நடத்துகிறவளுக்கு நேயர் விருப்பம் கிடையாது.

ராசா காலத்தை ஊர் தலைகீழாக நின்று கேட்டது. வாரத்தில் மூன்று நாள் அதுதான். வந்ததோ ஒரு கம்பங்காடு. காட்டில் ஒரு பெண் கதிர் அறுத்தாள், அறுத்துக்கொண்டே இருந்தாள், இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். ஒன்பதாவது நாள் தொலைவில் ஒரு பல்லக்கு போனது. உள்ளே இருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்ததாகச் சிலரும், இல்லை, தூங்கினார் என்று சிலரும் சொன்னார்கள்.

"இது ராசா காலமில்ல, வேற ஏதோ மாறி வருது" என்றார் பிச்சுமணி போனில். "ராசாவ எங்க?"

"ராசா அரண்மனைல இருப்பாரு. நீங்களும் நானும் இருந்த ராசா காலம் இதுதான்."

"அதுக்கில்ல தாயி, ஒரு கெத்து வேண்டாமா?"

"பிச்சுமணி அண்ணே, நீங்க ராசா காலத்துல பொறந்திருந்தா என்னவா இருந்திருப்பீங்கன்னு நெனைக்கீங்க?"

"தளபதி," என்றார் பிச்சுமணி யோசிக்காமல்.

"டிவி சத்தத்தக் கொறச்சிட்டுப் பேசுங்க," என்றாள் வெயிலாட்சி.

ஆனாலும் ஜனம் பார்த்தது. பார்க்கப் பார்க்க, பல்லக்கை மறந்து, கதிர் அறுக்கிறவளுக்கு இன்றைக்குத் தண்ணீர் கொண்டுவருவார்களா, அவள் காலில் குத்திய முள் எடுபட்டதா என்று கவலைப்பட ஆரம்பித்தது. பிள்ளைகள் மனுஷர் தோன்றாத காலத்தைக் கேட்டு, ஒரு பாறையை நாற்பது நிமிஷம் பார்த்தார்கள்: பாறை, மழை, மழை விட்ட பிறகு பாறை. முதல் பஸ் வந்த நாளை ஊர் பதினெட்டு முறை பார்த்தது, பதினெட்டு முறையும் மாலை போடப்பட்ட டிரைவர் தும்மினார்.

ஐப்பசியில் கிழக்குத் தெருவிலிருந்து தங்கப்பழம் என்கிற எலெக்ட்ரீஷியன் பேசினார். நூறு வருஷத்துக்கு முந்தி, பங்குனி மாசம், மத்தியானம், என்று கேட்டார். இப்போது பஸ் ஸ்டாண்டின் டைம் கீப்பர் ரூம் இருக்கும் இடத்தில் ஒரு கிணறு இருந்தது. கிணற்றடியிலிருந்து பத்தடி தள்ளி, வெறும் குடத்தோடு ஒரு வரிசை, வெயிலில், யாராவது வந்து இரைத்து ஊற்றட்டும் என்று நின்றது. ஒருவரும் ஊற்றவில்லை. நிகழ்ச்சி முடிகிறவரை ஊற்றவில்லை. "அந்த மூணாவது ஆளு எங்க பூட்டனா இருக்கும்," என்றார் தங்கப்பழம், "காது அப்படியே எங்க காது."

மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் அண்ணாச்சியிடம் வந்து, இனி எந்தக் காலத்தைப் போடலாம் எதைப் போடக்கூடாது என்று ஒரு கமிட்டி பார்த்துச் சொல்லும், ஊர் பேர் கெட்டுவிடக் கூடாது பாருங்கள், என்றார்கள். வெயிலாட்சிக்கு மூக்கு சிவந்தது. "ராசா காலத்துக்கு கமிட்டி வேண்டாம், முதல் பஸ்ஸுக்கு கமிட்டி வேண்டாம், தங்கப்பழம் அண்ணன் போன் போட்டாத்தான் கமிட்டி வேணுமா? பேரு கெட்டது அந்தக் கெணத்தடில, டிவியில இல்ல." வந்தவர்களில் ஒருவர் அவளுடைய பெரியப்பா. அவரையும் விடவில்லை. கடைசியில் அண்ணாச்சி ஆபீஸ் வாசலில் அவள் கையெழுத்திலேயே ஒரு அட்டை தொங்கியது: வரும் அழைப்புகள் வரிசைப்படி எடுக்கப்படும், எவர் விருப்பமும் மறுக்கப்படாது.

வருங்காலத்தைக் கேட்க ஊருக்குப் பயம். முதலில் துணிந்ததும் பிச்சுமணிதான். இன்னும் முந்நூறு வருஷம் கழித்து, என்றார். பஸ் ஸ்டாண்டு இருந்த இடத்தில் கடல் வந்தது, நீலமாக, அலையோடு, கரையில் வலை காய. இரண்டே வாரத்தில் வடக்குக் கரிசல் காடு 'வருங்காலக் கடற்கரை மனைகள்' என்று கல் நட்டு விற்பனைக்கு வந்துவிட்டது. வாங்கினவர்கள் மனைக்கு ஒரு தென்னை வைத்து, கடலுக்குப் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

வருஷம் திரும்பியது. அடுத்த ஆடியில் வெயிலாட்சிக்கு ஹைதராபாத்திலிருந்து கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது, செப்டம்பர் மூன்றாம் தேதிக்குள் சேராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அதே வாரம் கடையநல்லூரிலிருந்து ஒரு சம்பந்தமும் வந்தது. மாப்பிள்ளை நல்ல பையன். அவனை அவளுக்குத் தெரியவே தெரியாது என்பதைத் தவிர அவன்மேல் அவளுக்கு ஒரு புகாருமில்லை. தை மாதம் கல்யாணம், பெண் ஹாஸ்டலில் போய் இருப்பதெல்லாம் சரிப்படாது என்றார்கள். அப்பா சங்கரலிங்கம் உரக்கடையில் உட்கார்ந்து இரண்டையும் யோசித்தார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் அப்படித்தான், அம்பது கிலோ மூட்டையை ஒற்றைக் கையால் புரட்டுவார், ஒரு வார்த்தையைப் புரட்ட ஒரு மாசம் ஆகும்.

அவருடைய அக்கா பிரமாச்சிக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆவணி பிறந்த இரண்டாம் நாள் ஆறரைக்கு முதல் அழைப்பே அவள்தான்.

"நான் பிரமாச்சி பேசுதேன், நடுத்தெரு. வரப்போற தை மாசம் பதினொண்ணாந்தேதி காலம்பற ஆறரை போடுட்டி."

பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரில்தான் கல்யாண மண்டபம். வெயிலாட்சிக்குப் புரிந்துவிட்டது. மறுக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தாள். வாசலில் அட்டை அவள் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கண்டிப்பா," என்றாள். "உங்கள் விருப்பம் இதோ உங்களுக்காக."

"ஏ ஆத்தா!" என்று போன் அலறியது. "வாழமரம் கட்டியிருக்கு! மேளம் வந்துட்டு! ஏட்டி, பிளக்ஸ் போர்டுல ஒம் பேரு போட்டிருக்குட்டி, கடையநல்லூரான் பேரு பக்கத்துல! நீ கார்ல இருந்து எறங்குத, மாம்பழக் கலரு பட்டு, என்ன தலைய குனிஞ்சிருக்க, சரி, பொண்ணுன்னா குனியத்தான் செய்வா!"

மேலக்கரிசல் முழுவதும் அதைப் பார்த்தது. அவள் வீட்டுக்கு நடந்து போகிற வழியில் பன்னிரண்டு பேர் வாழ்த்தினார்கள். பார்த்ததைப் பற்றி விவாதம் என்ன வேண்டிக் கிடக்கிறது? நடந்து முடிந்த கல்யாணத்துக்கு யாராவது பெண்ணிடம் சம்மதம் கேட்பார்களா? அப்பா அன்று சாப்பிடும்போது, "தெரிஞ்சுபோச்சு, பொறகென்ன" என்று மட்டும் சொன்னார். ஒரு பாரம் இறங்கிய முகமாகவும் இருந்தது, இல்லாததாகவும் இருந்தது.

வெயிலாட்சி அழவில்லை, நோட்டை எடுத்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் கை ஆதாரத்தைத் தேடும். இறந்த காலங்களைப் புரட்டினாள். யார் கேட்டாலும், எத்தனை தரம் கேட்டாலும், அதே கம்பங்காடு, அதே கிணறு, அதே தும்மல். வருங்காலங்களைப் புரட்டினாள். முந்நூறு வருஷம் கழித்து: பிச்சுமணிக்குக் கடல், அவர் பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம். அதே முந்நூறு வருஷம், டீக்கடை பரமசிவத்துக்கு பஸ் ஸ்டாண்டு மூன்று பங்கு பெரிதாகி, இறங்கின அத்தனை பேரும் டீ, டீ என்று நின்றார்கள். அதே முந்நூறு வருஷம், அறுபது பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்து மேய்க்கிற கணக்கு டீச்சர் அமலோற்பவத்துக்கு ஒரு பெரிய மரம், கீழே ஒரு நாற்காலி, ஆளுமில்லை, சத்தமுமில்லை. மற்ற இருவருக்கும் கடல் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவேயில்லை. ஒரு நாள் கடல் உள்வாங்கியிருக்கும் என்று ஊர் விட்டுவிட்டது.

அடுப்படிக்கு ஓடினாள். அம்மா சுப்புத்தாய் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நடக்கப்போறத அது காட்டலம்மா. கேக்குறவங்க மனசுல இருக்கிறத காட்டுது. சாயங்காலம் வந்தது என் கல்யாணமில்ல, அத்தையோட ஆச!"

அம்மா நோட்டை வாங்கி ஈரக்கை படாமல் பார்த்தாள். விரலை ஒவ்வொரு வரியாக ஓட்டினாள். பிறகு, எண்ணெய் தீர்ந்ததா என்று கேட்கிற குரலில், "அப்போ நான் கேட்டா என்ன வரும்?" என்றாள்.

"தெரியலயேம்மா," என்றாள் வெயிலாட்சி. இருபத்திரண்டு வருஷத்தில் அதை யோசித்ததே இல்லை என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையிலிருந்து டீக்கடையில், ரேஷன் கடையில், பெரியப்பா வீட்டில் என்று நோட்டும் கையுமாக வாதாடிப் பார்த்தாள். "படிச்ச பிள்ள, ஆனா கண்ணால கண்டத நம்ப மாட்டேங்கு" என்று பரிதாபப்பட்டார்கள். ஆறரைக்கு முதல் அழைப்பு.

"வணக்கம். நான்... சுப்புத்தாய். நடுத்தெரு." ஒரு வருஷத்தில் ஒரு தரம்கூடப் பேசாத குரல். பின்னால் அவள் வீட்டு டிவியின் சத்தம் எதிரொலித்தது, அதைக் குறைக்கச் சொல்ல வெயிலாட்சி மறந்தாள். "தை பதினொண்ணு, காலம்பற ஆறரை. அதையே போடுங்க."

பொத்தான் விழுந்தது.

"என்னம்மா தெரியுது?"

"மண்டபம் பூட்டிக் கெடக்கு," என்றாள் அம்மா மெல்ல. "வாழமரம் ஒண்ணுமில்ல. நான் நிக்கேன். கையில ஒரு பை, முறுக்கும் பருப்புப் பொடியும் இருக்கும்போல. நான் மட்டும்தான் நிக்கேன், ஒங்க அப்பா இல்ல. ஹைதராபாத்துக்கு எந்த பஸ்ஸ பிடிச்சி எங்க மாறணும்னு யார்ட்டயோ கேக்கேன். நல்லா சத்தமா கேக்கேன். சிரிச்சிட்டு நிக்கேன்டி."

ஊர் குழம்பியது. ஒரே தேதிக்கு இரண்டு காலை எப்படி இருக்கும்? கணக்கு டீச்சர் முதலில் விளங்கிக்கொண்டு தலையில் கை வைத்தார். அடுத்தது மனை வாங்கியவர்கள். ஏழு மணிக்குள் பிச்சுமணியின் கடைவாசலில் கூட்டம்.

"கடல் வருமா வராதாவே?"

"எனக்குக் கடல்னா ஆச," என்றார் பிச்சுமணி மிஷினுக்குப் பின்னால் ஒண்டியபடி. "அது ஒரு குத்தமா?"

பிரமாச்சி அத்தை தெருவில் வந்து நின்றே கத்தினாள். "வீட்டுல சொல்ல வேண்டியத ஊரு பூரா போட்டுக் காட்டிட்டியே சுப்புத்தாயி! என் தம்பி மானம் என்னாவுறது?"

"வீட்டுல யாரு கேட்டா?" என்றாள் அம்மா, முறத்தைத் தட்டிக்கொண்டே.

அப்பா எழுந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார், உரக்கடையைத் திறந்தார், மூட்டைகளை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றி அடுக்கினார். மறுநாள் காலையில் திருப்பி அடுக்கினார். கடைக்கு வந்தவர்கள் யூரியாவைக் கேட்கிற சாக்கில் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவருக்கே தெரியாத ஒன்றை அவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டுப் பார்க்க ஊரில் ஒரு வழிதான் இருந்தது. அதனால் அன்று ஆறரைக்கு, லைனை அவருக்கு விட்டுவிட்டு, மேலக்கரிசலில் ஒருவரும் போன் போடவில்லை. பரமசிவம் போடவில்லை, பிள்ளைகள் போடவில்லை, பிச்சுமணிகூட ரிசீவரைத் தொடவில்லை. வெயிலாட்சி நீலத் திரைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். அதையும் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறே முக்காலுக்கு மணி அடித்தது.

"வணக்கம், நேயர் விருப்பம். யார் பேசுறீங்க?"

"சங்கரலிங்கம். நடுத்தெரு."

எல்லா நேயரையும்போல அவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும். "சொல்லுங்கப்பா. டிவி சத்தத்தக் கொறச்சிட்டீங்களா?"

"கொறச்சிட்டேன்."

"எந்தக் காலம் வேணும்?"

போனில் குக்கர் இரண்டு விசில் விட்டது. அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஒனக்கு எது வேணும், நீ சொல்லுளா."

ஒரு வருஷமாக ஊரையே கேட்டவளை ஒருவரும் அதைக் கேட்டதில்லை. "செப்டம்பர் ஒண்ணு," என்றாள். "காலைல ஆறே கால் பஸ்ஸு."

"அதப் போடு. எனக்குத்தான் கேக்கேன்."

நேரத்தை நான் சொன்னேன், ஆனால் கேட்பது நீங்கள், அப்படியானால் வரப்போவது என் மனசிலிருக்கிறது இல்லை, உங்கள் மனசிலிருக்கிறது, அது உங்களுக்குத் தெரியுமா, ஊர் பார்க்கும் தெரியுமா என்று எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். உள்ளறையில் அண்ணாச்சி பொத்தானை அழுத்துகிற சத்தம் கேட்டது.

"என்னப்பா தெரியுது?"

"பஸ் ஸ்டாண்டு. இப்பத்தான் விடியுது, மங்கலா இருக்கு. பஸ் நிக்கி. நல்ல கூட்டம்."

"அப்புறம்?"

"இரு, பாத்துட்டுத்தான சொல்லணும்."

அவள் இருந்தாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எவனோ மூட்டையோட நின்னு மறைக்கான். ஏல, தள்ளுல!" என்று அப்பா, இன்னும் விடியாத ஒரு செப்டம்பரில் நின்ற யாரோ ஒருவனை அதட்டினார். அவர் மூச்சு போனில் ஏறி இறங்கியது.

"ஆங்," என்றார். "ஒனக்கு ஜன்னலோரம் சீட்டு கெடச்சிட்டு."